யார் கையில் பேனா? சீட்டு நோட்டிலிருந்து பிளாக்செயின் வரை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது ராயபுரத்தில் ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறான். துறைமுகத்துக்கும் கஸ்டம்ஸுக்கும் பேப்பர் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை. தங்கை கல்யாணத்துக்கென்று சேர்த்த இரண்டு லட்சம் ரூபாயை ஏதோ ஒரு 'காயின்' திட்டத்தில் போடப்போவதாகச் சொன்னான். பத்து மாதத்தில் இரட்டிப்பாகுமாம்.

"யாருப்பா கேரண்டி?" என்று கேட்டேன்.

"கேரண்டியே தேவையில்ல டீச்சர். எல்லாம் பிளாக்செயின்ல இருக்கு. யாராலயும் மாத்த முடியாது, ஏமாத்த முடியாது."

மாற்ற முடியாது, ஏமாற்ற முடியாது. இரண்டும் ஒன்று என்று அவன் நினைத்துவிட்டான். இரண்டும் வேறு வேறு. ஆனால் அதை எடுத்துச் சொல்ல அன்றைக்கு என்னிடம் போதுமான விவரம் இல்லை. "அடுத்த ஞாயிறு வா. அதுவரைக்கும் பணத்தைத் தொடாதே" என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரம் படித்தேன். இன்ஜினியரிங் படிக்கிற பேரனை உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன். எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த பழக்கம், அதனால் பழைய கதையிலிருந்துதான் தொடங்குவேன்.

1. எங்கள் தெரு சீட்டு நோட்டு

வியாசர்பாடியில் வளர்ந்தவர்களுக்கு ஏலச்சீட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். பி அண்ட் சி மில் ஓடிக்கொண்டிருந்த காலம். சம்பளம் வந்ததும் எங்கள் தெருவில் சீட்டு ஏலம் நடக்கும். இருபது பெண்கள். சீட்டு நடத்துகிற அக்காவிடம் ஒரு பெரிய நோட்டு இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் பணம் கட்டியதில்லை. என் அம்மாவிடமும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. இந்த மாதம் யார் எடுத்தார், எவ்வளவு தள்ளி எடுத்தார், தலைக்கு எவ்வளவு கழிவு என்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. இப்படி இருபது வீட்டில் இருபது நோட்டு. அக்கா தன் நோட்டில் ஓர் எண்ணைத் திருத்தினால் மற்ற இருபது நோட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

பிளாக்செயினில் முதல் பாதி இவ்வளவுதான். கணக்கு ஒன்று, பிரதி பலரிடம்.

கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் சீட்டு நடத்தியவர் இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பெண்கள் எல்லாரும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். இருபது நோட்டும் பைசா பிசகாமல் பொருந்தின. கணக்கு சரியாக இருந்தது. பணம்தான் இல்லை.

2. வளையமும் முத்திரையும்

அடுத்த பாதியைப் புரிந்துகொள்ள வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டி ஏறினால் போதும். திருவள்ளூரைத் தாண்டினால் திருவாலங்காடு வரும். 1905-ல் அங்கே கிடைத்தவைதான் புகழ்பெற்ற திருவாலங்காட்டுச் செப்பேடுகள். முதலாம் ராஜேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்தவை. மொத்தம் 31 ஏடுகள். ஏடுகளை ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் முனைகள் சேருமிடத்தில் சோழ முத்திரை வைத்திருக்கிறார்கள்.

"எதுக்கு வளையம்?" என்று வகுப்பில் கேட்பேன். "தொலையாம இருக்க டீச்சர்" என்பார்கள். அது பாதி விடை. நடுவில் ஓர் ஏட்டை உருவுவதற்கோ, புதிதாக ஒன்றைச் செருகுவதற்கோ வளையத்தை வெட்ட வேண்டும். முத்திரை கெடும். கை வைத்தது தெரிந்துவிடும். அதுதான் மீதி விடை.

சோழர்கள் எழுத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, ஊர்க்காரர்களையும் அதிகாரிகளையும் சாட்சியாக வைத்து, அதற்குப் பிறகுதான் செப்பேட்டில் ஏற்றினார்கள். முதலில் சாட்சி, பிறகு எழுத்து. பிரதி எடுக்கிற அக்கறையும் இருந்தது. திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்க ராஜராஜன் உத்தரவிட்டபோது, சுவரை இடிக்கும் முன்பே அதிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்தார்கள். ராஜேந்திரன் காலத்தில் அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். இதைச் சொல்வதும் அந்தக் கோயில் கல்வெட்டேதான்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கோயில் சுவர் ஊருக்கெல்லாம் பொதுவான கணக்கு நோட்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சுவருக்கு அருகில் போய்ப் படிக்க எல்லாருக்கும் உரிமை இருந்ததா? எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலரின் தாத்தா பாட்டிகளுக்குக் கோயிலுக்குள் போவதே 1947-ல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பிறகுதான் சட்டப்படியான உரிமை ஆனது. ஆகவே எந்தக் கணக்கு நோட்டைப் பார்த்தாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். யார் எழுதலாம்? யார் படிக்கலாம்? பிரதி யார் யாரிடம் இருக்கிறது? பிளாக்செயினில் வகைகள் பிரிவதும் இந்த மூன்று கேள்வியில்தான்.

3. செப்பு வளையம் எண்ணாக மாறிய கதை

கணக்கு எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பக்கக் கூட்டுத்தொகையையும் அடுத்த பக்கத்தின் தலைப்பில் கொண்டுபோய் எழுதுவார்கள். மூன்றாம் பக்கத்தில் ஓர் எண்ணைத் திருத்தினால் அதற்குப் பிறகு வரும் எல்லாப் பக்கமும் உதைக்கும். பிளாக்செயினிலும் அதேதான். கூட்டுத்தொகைக்குப் பதில் 'ஹாஷ்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காற்புள்ளி மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் கைரேகையைச் சுமந்துகொண்டிருக்கும். பக்கம்தான் பிளாக். கைரேகையால் கோத்த வரிசைதான் செயின். தமிழில் 'தொடரேடு' என்றும் சொல்கிறார்கள், பொருத்தமான பெயர்.

இதைத் தொடங்கிவைத்தவர்கள் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். ஒரு ஆவணம் எந்தத் தேதியில் இருந்தது என்று பின்னாளில் யாரும் பொய் சொல்ல முடியாதபடி செய்வது எப்படி என்று 1991-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1995 முதல் அந்த முறையில் கிடைத்த கைரேகை எண்ணை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வாரந்தோறும் சின்ன விளம்பரமாகப் போட்டார்கள். அதை மாற்ற நினைப்பவன் வீடு வீடாகவும் நூலகம் நூலகமாகவும் போய் எல்லாப் பேப்பரையும் மாற்ற வேண்டும். எங்கள் தெருவின் இருபது நோட்டு மாதிரிதான்.

2008 அக்டோபர் 31-ல் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. அதில் காட்டிய எட்டு மேற்கோள்களில் மூன்று இந்த இருவருடைய வேலை. 2009 ஜனவரி 3 தேதியிட்டு பிட்காயினின் முதல் பிளாக் உருவானது. அன்றைய லண்டன் டைம்ஸ் தலைப்புச் செய்தி ஒன்று அதற்குள் பொதிந்திருக்கிறது. திவாலாகும் வங்கிகளை அரசு மீட்பது பற்றிய செய்தி. 'வங்கியை நம்பாமல் கணக்கு வைக்க முடியுமா' என்ற கேள்வியோடு பிறந்த நோட்டு அது.

4. நான்கு வகை நோட்டுகள்

முதல் வகை, பொது பிளாக்செயின். யார் வேண்டுமானாலும் சேரலாம், படிக்கலாம், முழு நோட்டையும் தன் கணினியில் வைத்துக்கொள்ளலாம். பிட்காயின், 2015-ல் வந்த எத்தீரியம் இரண்டும் இந்த வகை. முன்பின் தெரியாதவர்கள் கூடி எழுதும் நோட்டில் அடுத்த பக்கத்தை எழுதுவது யார்? பிட்காயினில் கணினிகள் ஒரு கடினமான எண் புதிரைப் போட்டி போட்டுத் தீர்க்கின்றன. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜெயிப்பவர் பக்கத்தை எழுதுகிறார், பரிசாகப் புதிய காயின் பெறுகிறார். மொத்தமே 2 கோடியே 10 லட்சம் காயின்தான் என்று விதி. இந்தப் போட்டிக்குக் கரண்ட் பயங்கரமாகச் செலவாகிறது. எத்தீரியம் 2022 செப்டம்பரில் புதிர்ப் போட்டியை விட்டுவிட்டு, தன் காயினைப் பிணையாக வைப்பவர்களுக்கு முறை கொடுக்கும் வழிக்கு மாறியது. மின்செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

நம் நாட்டில் இதன் கதை மேடுபள்ளமானது. 2018-ல் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்றது. 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி. 2025 அக்டோபரில் நம் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் சட்டத்தின் பார்வையில் ஒரு சொத்துதான் என்றது. அந்த வழக்கின் பின்னணியை இங்கே கவனிக்க வேண்டும். 2024 ஜூலையில் இந்தியாவின் பெரிய கிரிப்டோ சந்தை ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. திருடியவர்கள் யாரும் பிளாக்செயினைத் திருத்தவில்லை. திருட்டே அதில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. நோட்டு சரி, பணம் இல்லை. எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

இரண்டாம் வகை, தனி பிளாக்செயின். ஒரு நிறுவனமோ அரசோ தன் வேலைக்காக வைத்திருப்பது. அனுமதி பெற்றவர்கள்தான் எழுதலாம். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு மாதிரி. இதில் புதிர்ப் போட்டி கிடையாது, வேகம் அதிகம், செலவு குறைவு. தமிழ்நாடு அரசு 2020-ல் பிளாக்செயினுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. 'நம்பிக்கை இணையம்' என்று மாநிலம் தழுவிய கட்டமைப்புக்குப் பெயர் வைத்தார்கள். அரசு தரும் சான்றிதழ்களைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ள 2023-ல் 'இ-பெட்டகம்' செயலி வந்தது. மத்திய அரசு 2024 செப்டம்பரில் தொடங்கிய 'விஸ்வஸ்யா' கட்டமைப்பு புவனேஸ்வர், புனே, ஹைதராபாத் ஆகிய மூன்று ஊர்த் தரவு மையங்களில் இயங்குகிறது. குடிசை தீப்பிடித்து டிசியும் ரேஷன் கார்டும் சாம்பலான பிள்ளைகளை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தியவள் நான். சான்றிதழின் அழியாத பிரதி ஓரிடத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிரதி மூன்று ஊரில் இருந்தாலும் பேனா இருப்பது ஒரே கையில் என்பதையும் மறக்கக்கூடாது.

மூன்றாம் வகை, கூட்டமைப்பு பிளாக்செயின். ஒரே தொழிலில் இருக்கிற, ஒருவரையொருவர் முழுதாக நம்பாத பல நிறுவனங்கள் சேர்ந்து வைக்கும் நோட்டு. உங்களில் பலர் இதைத் தினமும் பயன்படுத்துகிறீர்கள். வங்கியிலிருந்தும் கடையிலிருந்தும் வரும் எஸ்எம்எஸ் அது. தொல்லைச் செய்திகளைத் தடுக்க 2018 ஜூலையில் டிராய் ஒரு விதி கொண்டுவந்தது. வியாபாரச் செய்தி அனுப்புகிறவர்கள் தங்கள் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்கள் சேர்ந்து வைத்திருக்கும் இந்தப் பொதுவான பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். 2021 மார்ச் 8-ல் சரிபார்ப்பைக் கண்டிப்பாக்கியபோது, பதியாத வாசகங்கள் எல்லாம் நின்றுபோய், ஓடிபி வராமல் நாடே திண்டாடியது. ஒரு வாரத்துக்கு அதை நிறுத்தி வைத்தார்கள். 2025-ல் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து சேர்க்கச் சொன்னார்கள். ஜி என்றால் அரசு, எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிவர்த்தனை, பி என்றால் விளம்பரம். சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து "உங்கள் வங்கிக் கணக்கு முடக்கம்" என்று செய்தி வந்தால் அது இந்தப் பதிவேட்டுக்கு வெளியிலிருந்து வருவது. தொடாதீர்கள்.

இந்த வகையில் துறைமுகக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. 2014-ல் மேர்ஸ்க் கப்பல் கம்பெனி, கென்யாவிலிருந்து நெதர்லாந்து போன ஒரு குளிர்சாதன கன்டெய்னரைப் பின்தொடர்ந்து பார்த்தது. உள்ளே ரோஜாவும் அவகாடோவும். சுமார் 30 பேர், அலுவலகங்கள். 200-க்கு மேல் கடிதப் போக்குவரத்து. ராயபுரத்தில் என் மாணவன் தூக்கிக்கொண்டு அலைவதும் இதே மாதிரிப் பேப்பர்தான். இதை ஒழுங்குபடுத்த மேர்ஸ்கும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018-ல் 'டிரேட்லென்ஸ்' என்ற பிளாக்செயினைக் கொண்டுவந்தன. போட்டிக் கப்பல் கம்பெனிகளில் பெரியவை சிலவும் சேர்ந்தன. ஆனாலும் 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். உலக அளவில் தொழில் முழுவதும் ஒத்துழைக்கும் நிலை வரவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். யோசித்தால் புரிகிறது. சீட்டில் கூட உட்கார்ந்திருக்கிறவர்கள் சமமாக இருக்க வேண்டும். நோட்டை விற்கிறவரே ஏலமும் எடுக்கிறவர் என்றால் மற்றவர்களுக்குத் தயக்கம் வரத்தான் செய்யும்.

நான்காம் வகை, கலப்பு. ரகசியமானதை உள்ளே வைத்துக்கொண்டு, சரிபார்க்க வேண்டியதை மட்டும் பொதுவில் வைப்பது. இதற்கு நெருக்கமான ஓர் ஏற்பாடு மகாராஷ்டிராவில் நடந்தது. கட்சிரோலி மாவட்டம் ஏட்டப்பள்ளியில் பழங்குடி மக்கள் அதிகம். அங்கே 2022-ல் சுமார் 65,000 சாதிச் சான்றிதழ்களை பாலிகன் என்ற பொது பிளாக்செயினோடு இணைக்கும் திட்டம் தொடங்கியது. சான்றிதழைக் காட்டினால், அது உண்மையா என்று யாரும் பொது நோட்டில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். போலிச் சான்றிதழால் இட ஒதுக்கீட்டு இடம் பறிபோகிற நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

5. நான் எழுதிய தப்பு

இவ்வளவு படித்த பிறகும் என் மனசில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா மகனை முதல் வகுப்பில் சேர்க்கக் கூட்டிவந்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை. "பெரிய மழை வந்துச்சே டீச்சர், அதுக்கு அப்பால பொறந்தான்" என்றார். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். ஐந்து வயது நிறைவதற்குத் தோதாக ஜூன் முதல் தேதி என்று ஒரு தேதியைப் போட்டேன். உண்மையில் அவன் ஏழெட்டு மாதம் சின்னவன். அந்தத் தேதியே டிசிக்குப் போனது. பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கும் போனது. பல வருஷம் கழித்து ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கப் போனபோது வயது வரம்பை நான்கு மாதம் தாண்டிவிட்டான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வந்து கோபப்படவில்லை. "மாத்த முடியுமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டான். ஆன மட்டும் அலைந்தோம். முடியவில்லை.

அந்தப் பதிவேட்டை யாரும் திருத்தவில்லை. என் கையெழுத்து அப்படியே இருக்கிறது. அதுதான் பிரச்சினையே. பிளாக்செயின், எழுதியதைக் காப்பாற்றும். எழுதியது உண்மையா என்று அதற்குத் தெரியாது. யானையை நடத்தி எல்லை காட்டிய பிறகு செப்பேடு எழுதினார்கள் என்றேனே, அந்த யானை நடக்கிற வேலையைக் கணினி செய்யாது. மனிதர்கள்தான் செய்ய வேண்டும். பொய்யான பத்திரமோ தப்பான பிறந்த தேதியோ முதல் பக்கத்திலேயே ஏறிவிட்டால், முன்னைவிட உறுதியாக நின்றுவிடும். அதனால் நம் ஊருக்கு இப்படி எந்தத் திட்டம் வந்தாலும் நாம் கேட்க வேண்டிய நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. தப்பு நேர்ந்தால் திருத்துவதற்கு யாரிடம் போவது? பழைய வரி அழியாமல், பக்கத்தில் சிவப்பு மையில் திருத்தம் எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவது போல ஒரு வழி அதில் இருக்கிறதா? ஏழைக்கு அந்த வழிதான் முக்கியம்.

6. அடுத்த ஞாயிறு

சொன்னபடி மாணவன் வந்தான். மூன்று கேள்வியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "திட்டத்துல சேக்குறவர்கிட்ட இதை மட்டும் கேட்டுட்டு வா" என்றேன். சாயங்காலமே போன் செய்தான்.

"யார் எழுதலாம்னு கேட்டேன் டீச்சர். கம்பெனி சர்வர்ல தானா ஏறும்னு சொன்னாரு. முழுக் கணக்கை நான் பாக்கலாமான்னு கேட்டேன். ஆப்ல உன் பேலன்ஸ் தெரியும், அது போதும்னாரு. காப்பி வேற யார்கிட்ட இருக்குன்னு கேட்டேன். அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்னு கோவமா வெச்சிட்டாரு."

"அப்போ இது என்ன நோட்டு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அக்கா நோட்டு டீச்சர். ஒரே ஒரு நோட்டு" என்றான். போன வாரம் சீட்டுக் கதையை அவனுக்கும் சொல்லியிருந்தேன்.

பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னான். முதல் தடவை என்னிடம் வரும் முன்பே இருபதாயிரம் கட்டியிருக்கிறான். அது இன்னும் திரும்பவில்லை. சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணில் புகார் கொடுக்க வைத்திருக்கிறேன். மிச்சம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் தங்கை பெயரில் வங்கியில் இருக்கிறது.

பிளாக்செயின் நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள் நண்பர்களே. நோட்டு நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்போமா? பேனா யார் கையில், படிக்கிற உரிமை யாருக்கு, பிரதி எங்கே, தப்பைத் திருத்த வழி உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நான் டிப்ளமோ படித்த டீச்சர், கணினி நிபுணர் இல்லை. தவறு இருந்தால் கமென்டில் சொல்லுங்கள். பழைய வரியை அழிக்காமல் பக்கத்திலேயே திருத்தம் போடுகிறேன். அம்மா அப்பா, சித்தப்பா சித்தி யாராவது 'காயின்' என்று பேச ஆரம்பித்திருந்தால் இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், வியாசர்பாடி